மல்லாட்டைக் கொல்லையில் ஒரு தறி

ஜெகநாதன் ஆரணி கொசப்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். வயது ஐம்பத்தொன்று. குடிப்பழக்கம் கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது, நெய்ய எடுத்த சேலையைச் சொன்ன நாளில் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிடுவார். தெருவில் அவரைக் குறை சொல்ல ஒருவரும் இல்லை. மனைவியைத் தவிர வேறொரு பெண்ணை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த நல்ல குணத்துக்கு ஈடாக, தன் மனைவியையும் வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சட்டம் ஊருக்குத் தெரியாது. அதனால் ஊர் அதை அவ்வப்போது மீறிக்கொண்டே இருந்தது.

முதலில் மீறியவன் கல்யாண போட்டோக்காரன். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று அவன் பெண்ணின் முகவாயைத் தொட்டுத் திருப்பியதை மாப்பிள்ளை பார்த்தார். ஆல்பம் தயாராகி இரண்டு வருஷம் வரை கடையிலேயே கிடந்தது. எப்போது கேட்டாலும் "அந்தப் பக்கம் போகல" என்பார். அடுத்தது திருவிழாவில் வளையல்காரன். கையைப் பிடித்து அமுக்கி வளையல் ஏற்றினானாம். அதற்குப் பிறகு மனைவியின் பழைய வளையல் ஒன்றைச் சட்டைப் பையில் அளவுக்குப் போட்டுக்கொண்டு இவரே போய் வாங்கி வந்தார். இருபத்தாறு வருஷத்தில் கண்டக்டர், தையல்காரர், பல் டாக்டர் என்று பட்டியல் வளர்ந்தது. எதற்கும் சண்டை போட்டதில்லை. பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். தறி மட்டும் பேசும். சாதாரண நாளில் ஒரே சீராக விழும் அடி, அப்படிப்பட்ட நாட்களில் கதவை உடைப்பது மாதிரி விழும். எதிர்வீட்டு வேலுவும் நெசவாளிதான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் தன் தறியை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு எவன்டா மாட்டினான்?" என்று மனைவியிடம் கேட்பான்.

மனைவியின் பெயர் அபிதகுசாம்பாள். திருவண்ணாமலை அம்மனின் பெயரை நேர்ந்துகொண்டு வைத்தது. அத்தனை நீளத்தைக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாததால் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் சாம்பா. பன்னிரண்டாவது படித்தவள். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். மகளிர் குழுவின் நோட்டுகளெல்லாம் அவள் எழுதியவைதான். மகள் அகல்யா செய்யாரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய், கம்பெனி பஸ்ஸில் காலையில் ஏறி இருட்டிய பிறகு இறங்குகிறவள் ஆனதும், சாம்பாவுக்குப் பகல் பொழுது வெறிச்சென்று ஆயிற்று. தறிக்கு வேண்டிய ஊடை நூலைத் தார் சுற்றிக் கொடுப்பாள், சமைப்பாள், மறுபடி தார் சுற்றுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் கைத்தறிக் கணக்கெடுப்பு வந்தது. எந்த வீட்டில் எத்தனை தறி என்று எழுதுவது மட்டுமல்ல. ஒவ்வொரு தறியும் பூமியில் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். இல்லாத தறிக்கெல்லாம் நெசவாளர் அட்டை வாங்கி வைத்திருக்கிறார்களாம், அதைப் பிடிப்பதற்காக. சர்வே எடுக்கும் நிறுவனத்தார் தெருக்களையும் வீடுகளையும் அறிந்த, கையெழுத்து நன்றாக உள்ள பெண்ணாகத் தேடி, குழு மூலமாக சாம்பாவிடம் வந்து சேர்ந்தார்கள். ஆறு வார வேலை. கழுத்தில் மாட்ட அடையாள அட்டை, தோளில் ஒரு பை, கையில் ஒரு ஜிபிஎஸ் கருவி. பழைய செல்போனைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியது போல மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. போனை நம்ப மாட்டார்களாம். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி காட்டுமாம்.

வீட்டுக்குள் அந்தக் கருவி வேலை செய்யாது. ஓட்டுக்குக் கீழே நின்றால் திணறும். அதனால் சாம்பா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தெருவில் இறங்கி, கருவியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷம் நிற்பாள். எண்கள் அசையாமல் நின்றதும் படிவத்தில் எழுதுவாள். அப்படி அவள் நிற்பதை வேலு பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "மாமா, அத்தை நடுத்தெருவுல வானத்தைப் பாத்துகினு நிக்குதே, சாமி வந்த மாதிரி கீது. நீ வேப்பிலை எடுத்துகினு போ."

ஜெகநாதன் சிரிக்கவில்லை. நடுத்தெருவில் முகத்தை மேலே தூக்கி நின்றால் கழுத்து தெரியும் என்பது அவர் கவலை.

ஆனால் தெரு அல்ல அவருக்குத் தொல்லை கொடுத்தது. சூப்பர்வைசர் கோபிநாத்.

முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. கோபிநாத் சார் சொன்னாரு, வெயில்ல தொப்பி போட்டுக்கணுமாம். கோபிநாத் சார் சொன்னாரு, பேட்டரி இறங்கினா எண்ணு தள்ளாடுமாம். கோபிநாத் சார் பிரியாணி சாப்பிடாதவராம், ஆரணியில இருந்துகினு பிரியாணி சாப்பிடாத ஆளை இப்பத்தான் பாக்கறேன்னு எல்லாரும் சிரிச்சாங்களாம். ஜெகநாதனும் பிரியாணி சாப்பிட மாட்டார். இருபத்தாறு வருஷத்தில் அது ஒரு சிரிப்புக்குரிய விஷயமாக இந்த வீட்டில் பேசப்பட்டதே இல்லை.

நான்காம் வாரம் வியாழக்கிழமை கோபிநாத்தே வீட்டுக்கு வந்தார். எழுதிய தறி இருக்கிறதா என்று மாதிரிக்கு ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். நாற்பது வயதிருக்கும். கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, வெள்ளை நிற பைக். வாசலிலிருந்தே, "அபிதா மேடம் இருக்காங்களா?" என்றார்.

ஜெகநாதனுக்கு ஒரு கணம் யாரைக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. அபிதா. அந்தப் பெயரின் முன்பாதி இத்தனை வருஷம் யாரும் எடுக்காமல் சும்மா கிடந்திருக்கிறது. தானே எடுத்திருக்கலாம். தோன்றவில்லை. எங்கிருந்தோ ஒருவன் வந்து எடுத்துக்கொண்டுவிட்டான்.

காபி வந்தது. நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழிக்குப் பக்கத்தில் கோபிநாத் குந்தி உட்கார்ந்து, நெய்ததையெல்லாம் பார்த்து ஆச்சரியப்பட்டார். பிறகு நாசூக்காகப் பேச்சை வேலைக்குத் திருப்பினார்.

"அண்ணே, மேடம் எழுதற இந்த ரெண்டு நம்பரு கீது பாருங்க, இத்த அப்படியே உங்க போனுல மேப்புல போட்டீங்கன்னு வைங்க, அந்த எடத்தைக் கொண்டாந்து கண்ணு முன்னாடி நிறுத்திடும். உலகத்துல எந்த மூலையா இருந்தாலும் சரி. ஒளிஞ்சுக்கவே முடியாது."

"ஒளிஞ்சுக்க முடியாதா?"

"முடியாதுண்ணே."

அவர் போன பிறகு தறி அடித்த அடியில் வேலுவின் வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் சாம்பா வந்தவள், பையை மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். போகும்போது ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு போனாள். ஜெகநாதன் பையிலிருந்து அவளுடைய நோட்டை எடுத்தார். படிவங்களை வாரத்துக்கு ஒருமுறை ஆபீசில் கொடுத்துவிட்டாலும், அவள் தனக்கென்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பிரதி எழுதி வைத்திருந்தாள். தேதி, வரிசை எண், நெசவாளி பெயர், அப்புறம் இரண்டு எண்கள். பெயர்களை அவர் பார்க்கவில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எண் இருந்தால் ஒளிய முடியாது என்று கோபிநாத்தே சொல்லியிருந்தாரே.

அன்றைய கடைசி வரியைப் போனில் தட்டினார். 12.40150, 79.17185.

வரைபடம் ஓடியது. ஆரணியை விட்டு ஓடியது, களம்பூரைத் தாண்டியது, போளூரையும் தாண்டித் தெற்கே போய், திருவண்ணாமலைச் சாலையிலிருந்து கிழக்கே விலகி, ஊரும் இல்லாத தெருவும் இல்லாத ஒரு பச்சை வெளியில் சிவப்புக் குறியைக் குத்தி நின்றது. பக்கத்தில் ஒரு தோப்பு. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை எண்ணைப் போட்டார். அதே வெளி. புதன், திங்கள், போன வாரம், அதற்கு முந்திய வாரம். எந்த நாளைத் தட்டினாலும் அந்தக் குறி அதே தோப்பின் ஓரத்தில், ஐம்பதடி நூறடி இப்படி அப்படி நகர்ந்து விழுந்தது. தினமும். நாலு வாரமாகத் தினமும். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்பதற்குள் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்துக்கொண்டு நோட்டைப் பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பேசவில்லை. "இன்னாங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கை குளிர்ச்சியாக இருந்தது. இந்தக் கை எங்கெங்கே போயிருக்கும் என்று அவர் நினைத்தார். அகல்யா, "அப்பா, தறியை மெதுவா அடிப்பா, தூங்கறதே ஒரு நாளு" என்று கத்தினாள்.

திங்கட்கிழமை சாம்பா கிளம்பி அரைமணி கழித்து அவர் எக்ஸெல் வண்டியை எடுத்தார். தறியில் பாவு இழை ஒன்று அறுந்து கிடந்தது. அதை முடிச்சுப் போடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார். நெய்யத் தொடங்கிய முப்பத்தாறு வருஷத்தில் அப்படி விட்டதில்லை. களம்பூர், போளூர், அப்புறம் இடதுபக்கம் திரும்பி மண்சாலை. போன் பேசிக்கொண்டே வந்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டர் வந்ததும், "நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று அந்தப் பெண் குரல் மரியாதையாகச் சொன்னது.

அவர் சேர வேண்டிய இடம் ஒரு வேர்க்கடலைக் கொல்லையாக இருந்தது.

நாற்பது ஐம்பது சென்ட் இருக்கும். களை வெட்டிய ஈரம். தோப்பு என்று போனில் தெரிந்தது நாலு வரிசை சவுக்கு. அதற்குள் ஒரு ஆள் படுத்தால் கால் வெளியே நீட்டும். கொல்லையின் நடுவில் ஒரு பெண் தலையில் துண்டு கட்டிக் களை பறித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவரைக் கண்டதும் களைக்கொத்தோடு எழுந்தாள்.

"யாருப்பா அது? பிளாட்டு போடறவனா?"

"இல்லம்மா."

"பின்ன இன்னாத்துக்கு போனைப் புடிச்சிகினு நெலத்துல நடக்கற? போனைப் புடிச்சிகினு நெலத்துல நடக்கறவன் அம்புட்டு பேரும் பிளாட்டு போடறவன்தான். இந்தக் காத்தாயி தரமாட்டாள்னு போய்ச் சொல்லு. மல்லாட்டையை மிதிக்காத, வரப்புல ஏறு!"

அவர் வரப்பில் ஏறி நின்றார். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நாற்பத்தைந்து கிலோமீட்டரும் கேள்வியைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

"இங்க... வெள்ளை பைக்குல ஒரு ஆளு, கண்ணாடி போட்டவரு, கூட ஒரு பொம்பளை... தினம் வராங்களா?"

காத்தாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் இருந்த கோபம் போய் வேறொன்று வந்தது.

"பொண்டாட்டியா?"

"இல்லம்மா, தங்கச்சி."

"தங்கச்சிக்காக ஒருத்தன் மூஞ்சி இப்படி வெளுக்காதுப்பா." கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் விடிஞ்சா இங்கதான் கீறேன். இங்க வர்றது நானு, என் மருமவ, மயிலு, பன்னி. சோடி போட்டுகினு வர்றதுக்கு இது இன்னா பார்க்கா? ஒக்காந்தா முள்ளு குத்தும். யாரு சொன்னா உனக்கு?"

"போனு சொல்லிச்சு."

"போனு!" காத்தாயி சத்தமாகச் சிரித்தாள். சவுக்கில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது. "எங்கூட்டுக்காரன் சந்தேகப்படணும்னாகூட மனுசன் வந்து சொல்லணும். உனக்கு போனு சொன்னாலே போதுமா? தண்ணி குடிச்சிட்டுப் போ."

தண்ணீர் குடித்துவிட்டு அவர் வரப்பில் உட்கார்ந்தார். போனில் பிடித்த நோட்டுப் பக்கங்களைத் திறந்தார். இப்போதுதான் முதல்முறையாகப் பெயர்களைப் படித்தார். எல்லாம் தெரிந்த பெயர்கள். ஜெயவேல், இரண்டு தறி. எழிலரசன், ஒரு தறி. வேலு, இரண்டு தறி. அதற்கு மேலே, பக்கத்தின் முதல் வரியில், ஜெகநாதன், ஒரு தறி. 12.40125, 79.17160.

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எழுதப்பட்ட நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வேலை தொடங்கிய முதல் நாள். சாம்பா வாசலில் இறங்கிக் கருவியைத் தூக்கிப் பிடித்தாள், இவர் தறியிலிருந்து எழுந்து போய், "எழுதி வைக்கலன்னா என் தறி இன்னா ஓடியா போயிடும்?" என்று கேட்டார். அவள் "பேசாதீங்க, எண்ணு ஆடுது" என்றாள். அவர் கண்ணெதிரே, அவர் வீட்டு வாசலில் நின்று எழுதிய எண். அதைத் தட்டினார். குறி காத்தாயியின் காலடியில் வந்து விழுந்தது.

அவர் தறியும் இந்த மல்லாட்டைக் கொல்லையில்தான் இருந்தது. வேலுவின் இரண்டு தறியும் பக்கத்தில் இருந்தன. கொசப்பாளையம் மொத்தமும் சுருங்கி இங்கே வந்து கிடந்தது.

முதலில் உடம்பு லேசாயிற்று. பிறகு வெட்கம் வந்தது. காத்தாயியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். போளூர் வருவதற்குள் வெட்கத்தின் மேல் ஒரு சந்தோஷம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒளிஞ்சுக்கவே முடியாதாம். உலகத்துல எந்த மூலையா இருந்தாலும் நிறுத்திடுமாம். மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வந்து சொன்ன வித்தை இதுதானா? ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கும் கொசப்பாளையத்துக்கும் வித்தியாசம் தெரியாத வித்தை.

வீடு வந்ததும் வாசலில் நின்று போனில் தன் இடத்தைத் தட்டிப் பார்த்தார். 12.66875, 79.28600 என்றது. நோட்டில் 12.40125, 79.17160. முன்னால் இருக்கும் பன்னிரண்டும் எழுபத்தொன்பதும் சரி. புள்ளிக்குப் பின்னால்தான் எல்லாம் வேறு. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் எல்லாம் தப்பு என்பது மட்டும் விளங்கிற்று.

சாயங்காலம் சாம்பா துள்ளிக்கொண்டு வந்தாள். "முடிச்சிட்டேங்க! எரநூத்து முப்பத்தாறு தறி. ஆறு வாரத்து வேலை, அஞ்சாவது வாரம் பொறந்ததும் முடிஞ்சிது. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பட்டியலை மூடிடுவாங்க. அப்பால ஒரு எழுத்துகூட மாத்த முடியாதாம்."

"மூடினப்புறம்?"

"மேலேர்ந்து வேற ஆளுங்க வருவாங்க. மெஷினு எங்க காட்டுதோ அங்க நேரா போய்ப் பாப்பாங்க. அங்க தறி இருந்தா அட்டை. இல்லன்னா பேரை அடிச்சிடுவாங்க. எழுதினவங்களைக் கேப்பாங்க." அவள் சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்தாள். "நான் எழுதினது ஒண்ணும் தப்பாவாது. நல்லா வந்தா அடுத்து தேவிகாபுரத்துக்கும் என்னையே போடறாங்களாம். கோபிநாத் சார் சொன்னாரு."

ஜெகநாதன் தறியில் உட்கார்ந்து, காலையில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடத் தொடங்கினார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. நாளை மத்தியானம் பட்டியல் மூடும். ஒரு மாதம் கழித்து யாரோ ஜீப்பில் போய் காத்தாயியிடம் தறி எங்கே என்று கேட்பார்கள். கோபிநாத்தின் தலை உருளும். தேவிகாபுரம் கிடையாது. அபிதா மேடம் கிடையாது. தோள்பை ஆணியில் தொங்கும்; சாம்பா பழையபடி இங்கே, இந்த ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவாள். அவளுக்குக் கெட்ட பெயர் வரும்தான். அட்டை போனால் தெருக்காரர்கள் வாசலில் நின்று கத்துவார்கள்தான். ஆனால் வீட்டிலேயே இருப்பாள். அந்த ருசியை அவர் கொஞ்ச நேரம் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். பிடித்திருந்தது. பிடித்திருப்பது அவருக்கே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பேசாமலே இருந்திருப்பார். அப்போது போன் அடித்தது. சாம்பா அடுப்படியில் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அபிதா மேடம், எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒரு அடிச்சல் திருத்தல் கிடையாது. முத்து முத்தா கீது. உங்க கைபட்டா தப்பே வராது மேடம்."

சாம்பா சிரித்தாள். முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, தொண்டையிலிருந்து வரும் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் கல்யாணத்தில் போட்டோக்காரன் கேட்டான்.

"முத்தும் இல்ல, பவழமும் இல்ல!" தறிக்குழியிலிருந்து குரல் வெடித்தது. "எரநூத்து முப்பத்தாறு தறியும் போளூருக்கு அப்பால மல்லாட்டைக் கொல்லையில கீது! போய்ப் பாக்கச் சொல்லு உங்க சாரை!"

"சார், அப்பறம் கூப்புடறேன்" என்று சாம்பா வைத்தாள். நேராக வந்து குழியின் விளிம்பில் நின்றாள்.

"இன்னா சொன்னீங்க?"

அவர் போனை நீட்டினார். 12.66875 என்று காட்டிய போனை அவள் வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவரும் போனார். இன்னும் வெளிச்சம் இருந்தது. கருவியை உயர்த்திப் பிடித்தாள், எண் நின்றது. பக்கத்தில் போனை வைத்துப் பார்த்தாள்.

கருவியில் 12°40.125' என்று இருந்தது. அவள் எழுதிய ஏழு எண்களும் அதேதான். படிவத்தில் இரண்டு கட்டம், அச்சடித்த ஒரு புள்ளி, அப்புறம் ஐந்து கட்டம். பன்னிரண்டை முதல் இரண்டு கட்டத்திலும், நாற்பதையும் நூற்று இருபத்தைந்தையும் அடுத்த ஐந்திலும் போட்டால் ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் நிறைந்துவிடும். அப்படி நிறைந்ததால்தான் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. டிகிரிக்குப் பக்கத்தில் சின்ன வட்டம், கடைசியில் சின்னக் கோடு. அதற்குப் படிவத்தில் இடமில்லை, விட்டுவிட்டாள்.

"பன்னெண்டு நாப்பது," என்றாள் மெதுவாக. "பஸ்ஸு டைம் மாதிரி." பிறகு சட்டென்று, "போனு எடுங்க. கணக்குப் போடறதைத் தொறங்க. நாப்பது புள்ளி ஒண்ணு ரெண்டு அஞ்சு. அறுபதால வகுங்க."

0.66875 என்று வந்தது.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "பன்னெண்டு மணி நாப்பது நிமிஷம்னா பன்னெண்டு புள்ளி நாப்பது இல்லை. முக்கால் மணிக்குக் கிட்ட ஆச்சு. இந்த மெஷினு நிமிஷத்துல சொல்லுது, படிவம் நூத்துக்கணக்குல கேக்குது. நான் இத்தத் தூக்கி அதுல அப்படியே ஊத்தியிருக்கேன்." உதட்டைக் கடித்தாள். "அதுவும் நம்ம ஜில்லாவுக்குள்ளயே விழுந்துடுச்சு. வெளிய விழுந்திருந்தா கம்ப்யூட்டரே கத்தியிருக்கும்."

மறுபடி கோபிநாத்தைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிப் போயிற்று. தன்னுடைய கருவியில் முறையை மாற்றி வைத்திருந்தாராம். இவளுடையது வேறொரு ஆபீசிலிருந்து வந்ததாம். திறந்து பார்க்காமல் கொடுத்துவிட்டாராம். "மேடம், என் வேலையே போயிடும் மேடம்" என்று அழாத குறை.

"பயப்படாதீங்க சார். நான் பாத்துக்கறேன். காலையில ஒம்போது மணிக்கு எல்லாம் திருத்தி எடுத்துகினு வரேன், நீங்க ஒக்காந்து கம்ப்யூட்டருல ஏத்துங்க." பயப்படாதீங்க சார் என்பதை அவள் சொன்ன விதத்தை ஜெகநாதன் தன் பட்டியலில் எழுதிக்கொண்டார். தனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

"எப்படி மேடம் கண்டுபுடிச்சீங்க?" என்றது போன்.

சாம்பா கணவரைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு செக் பண்ணாரு."

"அண்ணனுக்கு ரொம்ப அக்கறை மேடம்!"

"ஆமாம் சார். ரொம்ப அக்கறை." வைத்துவிட்டாள்.

"மேப்புல பாத்தீங்க. சரி." குரல் உயரவில்லை. "கொல்லைன்னு எப்படித் தெரிஞ்சிது? மல்லாட்டைன்னு எப்படித் தெரிஞ்சிது?"

அவர் தரையைப் பார்த்தார். வேட்டியின் ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

"போனீங்களா?"

"ம்."

"எக்ஸெல்லுல? போளூரு தாண்டி?"

"ம்."

"எங்களைப் புடிக்கறதுக்கு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார், கத்துவாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் உள்ளே போய் நோட்டையும் இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"புடிச்சீங்களா?"

"சாம்பா..."

"ஒக்காருங்க. எரநூத்து முப்பத்தாறு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு எண்ணு. நான் படிக்கறேன், நீங்க அறுபதால வகுத்துச் சொல்லுங்க. தப்பா ஒண்ணு சொன்னீங்கன்னா அந்தத் தறிக்காரன் வாசல்ல நீங்கதான் போய் நிக்கணும்."

உட்கார்ந்தார். அகல்யா வந்து பார்த்துவிட்டு, இருவருக்கும் நடுவில் தட்டை வைத்துவிட்டுப் போனாள். பாதியை அன்று முடித்து, மீதியை விடியற்காலையில் முடித்தார்கள். எண்ணைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. எட்டரைக்கு அவள் கிளம்பினாள். பதினொன்றரைக்கு எல்லாம் ஏறிவிட்டது என்று அகல்யாவுக்குத்தான் செய்தி அனுப்பினாள்; அகல்யா அதை அப்பாவுக்கு அனுப்பினாள்.

தேவிகாபுரமும் அவளுக்கே கிடைத்தது.

அங்கே போன முதல் நாள் திரும்பி வந்ததும், பையை ஆணியில் மாட்டுவதற்கு முன்னால் நோட்டை எடுத்துத் தறிமேல், நெய்துகொண்டிருந்த சேலையின் மேலேயே வைத்தாள்.

"பாத்துக்குங்க. இன்னிக்கு எங்கெங்க போனேன்னு எல்லாம் கீது. இப்ப எண்ணு சரியாத்தான் வருது, மெஷினை மாத்தி வச்சாச்சு."

அவர் தொடவில்லை. நோட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நெய்தார். இரண்டாம் நாளும் வைத்தாள், மூன்றாம் நாளும் வைத்தாள். வேலு வந்தவன், "இன்னா மாமா, அத்தை தினம் பரீட்சைப் பேப்பரு குடுக்குது?" என்று கேட்டான். போடா என்று விரட்டினார். நோட்டைத் திறக்காமல் இருப்பது ஒரு பெரிய மன்னிப்பு கேட்பது போல அவருக்குப் பட்டது. அவளுக்கு அப்படிப் பட்டதாகத் தெரியவில்லை.

நான்காம் நாள் அவள் வர முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. வந்தாள், நோட்டை வைத்தாள், அடுப்படிக்குப் போனாள். ஜெகநாதன் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை நாலு தடவை இழைகளுக்கு நடுவே ஓட்டினார். ஐந்தாவது தடவை நிறுத்தினார். நோட்டைத் திறந்து கடைசி வரியைப் போனில் தட்டினார். குறி தேவிகாபுரத்தில், ஒரு தெருவின் நடுவில், ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. அதற்கு முந்தின வரியையும் தட்டினார். பக்கத்து வீடு. அதற்கு முந்தினதும் அதே தெரு. மூச்சு சீரானது. சீரானதை நினைத்து முகம் சூடாயிற்று.

"சரியா கீதா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தறி நின்றதிலிருந்தே தெரிந்துவிட்டது.

"ம். சரியா கீது."

"மூணு மணிக்கு பஸ் ஸ்டாண்டாண்ட டீ குடிச்சேன். அத்த எழுதல. அங்க தறி இல்ல."

யாரோட என்ற சொல் அவர் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதை அங்கேயே பிடித்துக்கொண்டு, நோட்டை மூடி, தறியின் மிதிபலகையை அழுத்தினார். அன்று தறி என்ன மாதிரி அடித்தது என்று வேலுவுக்கே சரியாகப் பிடிபடவில்லை.